மானியம் மறுக்கப்பட்டால் உயர் நீதிமன்றம் எதைப் பார்க்கும்? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மாவட்டத் தொழில் மையம் வழியாக வரும் முதலீட்டு மானியம், தோட்டக்கலைத் துறையின் சொட்டுநீர்ப் பாசன மானியம், நூல் வெளியிடத் தமிழ் வளர்ச்சித் துறை தரும் நிதியுதவி, உதவிபெறும் பள்ளிகளுக்கான சம்பள மானியம் என எதை எடுத்தாலும் அதற்கென்று ஒரு வழிகாட்டு நெறிமுறை இருக்கும். விண்ணப்பம் நிராகரிக்கப்பட்டால் பெரும்பாலும் கைக்கு வருவது 'நெறிமுறைகளின்படி தகுதி இல்லை' என்ற ஒற்றை வரி. அந்த வரியை நீதிமன்றத்தில் எப்படிச் சோதிப்பது, அங்கே என்ன கிடைக்கும், என்ன கிடைக்காது என்று பலரும் கேட்கும் கேள்விகளுக்கு இங்கே பதில் இருக்கிறது.

மானியம் என்பது அரசு மனமுவந்து தருவது. தரவில்லை என்று வழக்குப் போட முடியுமா?

போடலாம். ஆனால் 'எனக்குப் பணம் கொடு' என்று கேட்பது வேறு, 'என் விண்ணப்பத்தை விதிப்படி பார்' என்று கேட்பது வேறு. முதலாவதற்குப் பொதுவாக உரிமை கிடையாது. உத்தரப் பிரதேசத்தில் உதவிபெறும் பள்ளிகள் தொடர்பாக 2021-ல் வந்த அபய் நந்தன் இன்டர் காலேஜ் தீர்ப்பில், அரசு மானியம் பெறுவது அடிப்படை உரிமை அல்ல என்று உச்ச நீதிமன்றம் தெளிவாகவே சொல்லியது. மானியத்தை வாங்கிக்கொள்ளும் நிறுவனம் அதனோடு வரும் நிபந்தனைகளுக்கும் கட்டுப்பட வேண்டும் என்றது.

இரண்டாவது உரிமை கண்டிப்பாக உண்டு. அரசியலமைப்பின் 14-வது பிரிவு சட்டத்தின் முன் எல்லோரும் சமம் என்கிறது. அரசு எதைச் செய்தாலும் தன் இஷ்டத்துக்குச் செய்யக் கூடாது என்பதையும் நீதிமன்றங்கள் அதே பிரிவிலிருந்துதான் எடுத்திருக்கின்றன. மானியம் கொடுப்பதும் அரசின் செயல்தானே. ஜார்க்கண்ட் மாநிலத்துக்கும் பிரம்மபுத்ரா மெட்டாலிக்ஸ் நிறுவனத்துக்கும் இடையிலான வழக்கில் 2020 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் ஒரு படி மேலே போனது. அரசு தன் விருப்பப்படி கருணை காட்டும் அரசன் என்ற காலனிய நினைப்பைக் கைவிட வேண்டும் என்று எழுதியது. மானியம் மறுக்கப்பட்டவர்கள் எல்லோரும் மனதில் வைத்துக்கொள்ள வேண்டிய தீர்ப்பு அது.

நெறிமுறை சட்டமே இல்லையே. வெறும் அரசாணை எப்படி அதிகாரியைக் கட்டுப்படுத்தும்?

எதிர்த்தரப்பில் முதலில் எழும் வாதமே இதுதான். இதற்கான பதில் 1967-லேயே வந்துவிட்டது. அந்த வழக்கைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும்.

ஆப்கானிஸ்தானுக்குக் கம்பளித் துணி ஏற்றுமதி செய்பவர்களை ஊக்குவிக்க மத்திய அரசு ஒரு திட்டம் வெளியிட்டது. ஏற்றுமதி மதிப்பில் 100 சதவீதம் வரை மூலப்பொருள்களை இறக்குமதி செய்துகொள்ள உரிமை தருவோம் என்பது அதன் சாரம். ஆங்கிலோ ஆப்கன் ஏஜென்சீஸ் என்ற நிறுவனம் சுமார் 5 லட்சம் ரூபாய்க்குத் துணி அனுப்பியது. ஜவுளி ஆணையர் கொடுத்ததோ சுமார் 2 லட்சம் ரூபாய்க்கான உரிமை மட்டும்தான். நிறுவனம் மதிப்பைக் கூட்டிக் காட்டிவிட்டது என்று அவர் தானாகவே ஒரு முடிவுக்கு வந்திருந்தார். நிறுவனத்தை அழைத்து விளக்கம் கேட்கவில்லை. வழக்கு வந்ததும், 'இது நிர்வாகத் திட்டம், சட்டம் இல்லை, எங்களைக் கட்டாயப்படுத்த முடியாது' என்று அரசு வாதிட்டது.

உச்ச நீதிமன்றம் ஏற்கவில்லை. திட்டத்தை நம்பி ஒருவர் செயலில் இறங்கிவிட்ட பிறகு, அதற்குச் சட்ட வடிவம் இல்லை என்ற ஒரே காரணத்தால் அரசு கைவிரிக்க முடியாது என்றது. மதிப்பில் சந்தேகம் இருந்தால் விசாரிக்கலாம், ஆனால் அவர்களுக்கு வாய்ப்பு கொடுத்துத்தான் விசாரிக்க வேண்டும்.

1979-ல் ரமணா தயாராம் ஷெட்டி வழக்கு இதே வழியில் இன்னும் பலம் சேர்த்தது. பம்பாய் விமான நிலையத்தில் உணவகம் நடத்த ஒப்பந்தப்புள்ளி கேட்டார்கள். குறைந்தது 5 ஆண்டு அனுபவமுள்ள, பதிவுபெற்ற இரண்டாம் தர ஹோட்டல்காரர்கள்தான் வரலாம் என்று நிபந்தனை. அந்தத் தகுதி இல்லாத, கேன்டீன் நடத்திய அனுபவம் மட்டுமே உள்ள ஒருவருக்கு வாய்ப்பு போனது. ஓர் அமைப்பு தானே ஓர் அளவுகோலை வைத்துவிட்டால் அதற்குத் தானும் கட்டுப்பட வேண்டும் என்று நீதிபதி பகவதி எழுதினார். அது ஒப்பந்த வழக்குதான். ஆனாலும் மானியம், விருது, ஒதுக்கீடு என்று அரசு எதைப் பகிர்ந்து கொடுத்தாலும் இந்தக் கோட்பாடு பொருந்தும்.

என் விண்ணப்பத்தை நீதிபதியே படித்து, தகுதி உண்டு என்று சொல்லிவிட மாட்டாரா?

மாட்டார். முடிவு எடுக்கப்பட்ட விதத்தைத்தான் நீதிமன்றம் பார்க்கும், முடிவு சரியா தவறா என்று மேல்முறையீட்டு அதிகாரியைப் போல உட்கார்ந்து பார்க்காது என்பது 1994-ன் டாடா செல்லுலார் தீர்ப்பிலிருந்து உறுதியாக நிற்கும் நிலைப்பாடு. உங்கள் நூலுக்கு வல்லுநர் குழு ஏன் குறைந்த மதிப்பெண் போட்டது, உங்கள் திட்ட அறிக்கை லாபம் தருமா என்பதற்குள் எல்லாம் நீதிமன்றம் போகாது. போகவும் கூடாது என்பது என் கருத்து. இலக்கியத்தை மதிப்பிடும் வேலை, ரிட் மனுவை (அரசின் செயலை எதிர்த்து நேரடியாக உயர் நீதிமன்றத்தில் போடும் மனுவை) விசாரிக்கும் நீதிமன்றத்துக்கு எதற்கு?

மனு எழுதும்போது 'என் படைப்பு சிறந்தது', 'என் தொழில் நல்ல தொழில்' என்று பக்கம் பக்கமாக நிரப்புகிறார்கள். பயன் இல்லை. நெறிமுறையின் இன்ன பத்தி இப்படிச் சொல்கிறது, அதிகாரி இப்படிச் செய்திருக்கிறார் என்று இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வையுங்கள். அதைத்தான் நீதிபதி தேடுவார்.

காரணமே சொல்லாமல் நிராகரித்துவிட்டார்கள். அது போதுமா?

வலுவான ஆதாரம்தான், ஆனால் அதை முறையாகப் பயன்படுத்த வேண்டும். தகவல் அறியும் உரிமைச் சட்டம், 2005-ன் 4(1)(ஈ) பிரிவு, ஒரு நிர்வாக முடிவால் பாதிக்கப்பட்டவருக்கு அதன் காரணங்களைத் தெரிவிக்க வேண்டியது பொது அதிகார அமைப்பின் கடமை என்கிறது. பலருக்கு இது தெரிவதில்லை. காரணம் கேட்டுக் கடிதம் எழுதும்போது இந்தப் பிரிவைக் குறிப்பிடுங்கள்.

அப்புறம், 1977-ன் மொகிந்தர் சிங் கில் வழக்கு. நீதிபதி கிருஷ்ணய்யர் அதில் சொன்னதை எளிமையாக இப்படிச் சொல்லலாம்: ஓர் உத்தரவு தன்னிடம் எழுதியிருக்கும் காரணத்தோடுதான் நிற்க வேண்டும் அல்லது விழ வேண்டும். வழக்கு வந்த பிறகு பதில் மனுவில் புதிய காரணங்களைச் சேர்த்து அதைத் தூக்கி நிறுத்த முடியாது. நிராகரிப்புக் கடிதத்தில் 'தகுதி இல்லை' என்று மட்டும் எழுதிவிட்டு, நீதிமன்றத்தில் நான்கு பக்கத்துக்கு விளக்கம் தாக்கல் செய்வது அரசு அலுவலகங்களில் வழக்கமாகிவிட்டது. அப்போது கைகொடுப்பது இந்தத் தீர்ப்பு. அதனால் நிராகரிப்புக் கடிதத்தின் அசல் பிரதியை, உறையோடு, தேதி முத்திரையோடு பத்திரமாக வையுங்கள்.

நெறிமுறையில் இல்லாத ஒரு சான்றிதழைக் கேட்டு அலையவிட்டால்?

ஓர் உதாரணம் எடுத்துக்கொள்வோம். தமிழ்நாட்டில் நுண்ணீர்ப் பாசனத்துக்குச் சிறு, குறு விவசாயிகளுக்கு 100 சதவீதமும் மற்றவர்களுக்கு 75 சதவீதமும் மானியம் உண்டு. சிறு விவசாயி என்பதற்கு வட்டாட்சியர் சான்று போதும் என்று நெறிமுறை சொல்கிறது, ஆனால் ஓர் அலுவலர் தானாக இன்னொரு அலுவலகத்தின் கடிதமும் வேண்டும் என்கிறார் என்று வையுங்கள். அந்தக் கூடுதல் நிபந்தனையின் பேரில் நிராகரித்தால், பொருத்தமில்லாத ஒன்றைக் கணக்கில் எடுத்ததாக ஆகிவிடும். நீதிமன்றத்தில் நிற்கக்கூடிய குறை இது.

இதற்கு நேர் எதிரான தவறும் உண்டு. நெறிமுறை பார்க்கச் சொன்னதைப் பார்க்காமலே விடுவது. கொடுத்த ஆவணம் கோப்பில் இருக்கும்போதே 'ஆவணம் இல்லை' என்று எழுதுவது இதில் அடிக்கடி வரும் வகை. ஒப்புகைச் சீட்டு இல்லாமல் எதையும் கொடுக்காதீர்கள் என்று சொல்வது இதனால்தான்.

'விதி விதிதான், விலக்கே கிடையாது' என்கிறார்கள். நெறிமுறையை அப்படியே பின்பற்றினால் அதில் என்ன தவறு?

விதியைப் பின்பற்றுவது தவறில்லை. காதைப் பொத்திக்கொள்வதுதான் தவறு. இதற்கு உலகம் முழுக்க எடுத்துக்காட்டப்படும் வழக்கு இங்கிலாந்தின் பிரிட்டிஷ் ஆக்சிஜன் வழக்கு. அப்போது அந்த நாட்டின் உச்ச நீதிமன்றமாகவும் இருந்த பிரபுக்கள் சபை 1970-ல் தீர்ப்பளித்தது. 1966-ன் தொழில் வளர்ச்சிச் சட்டத்தின்படி புதிய இயந்திரங்களுக்கு முதலீட்டு மானியம் கொடுக்க வர்த்தக வாரியத்துக்கு அதிகாரம் இருந்தது. 25 பவுண்டுக்குக் குறைவான எந்தப் பொருளுக்கும் மானியம் இல்லை என்று வாரியம் தனக்குத்தானே ஒரு விதி வைத்துக்கொண்டது. நிறுவனம் வாங்கியவை எரிவாயு சிலிண்டர்கள். ஒன்றின் விலை சராசரியாக 20 பவுண்டுக்குச் சற்றுக் குறைவு. ஆனால் மொத்தச் செலவு 40 லட்சம் பவுண்டைத் தாண்டியது. மானியம் ஒரு பைசா இல்லை.

நிறுவனம் தோற்றது. ஆயிரக்கணக்கான விண்ணப்பங்களைக் கையாளும் அமைப்பு ஒரு கொள்கை வைத்துக்கொள்ளலாம், அது விதியைப் போலவே இறுக்கமாகவும் இருக்கலாம், ஆனால் புதிதாகச் சொல்ல ஏதாவது உள்ளவர் வந்தால் கேட்கத் தயாராக இருக்க வேண்டும் என்றார் நீதிபதி ரீட் பிரபு. வாரியம் நிறுவனத்தின் வாதங்களைக் கேட்டுத்தான் மறுத்திருந்தது.

இந்தியாவில் அந்தத் தீர்ப்பு கட்டுப்படுத்தாது, ஆனால் சட்டத்தின் போக்கு இங்கும் அதுவேதான். நமக்கு இதிலிருந்து கிடைக்கும் நடைமுறைப் பாடம், உங்கள் நிலைமை வழக்கமானது இல்லை என்றால் அதை விண்ணப்பத்திலேயே எழுதிவிட வேண்டும் என்பது. சொல்லாததைக் கேட்கவில்லை என்று பின்னால் குற்றம் சாட்ட முடியாது.

தேர்வுக் குழுவில் இருந்தவருக்கே வேண்டியவருக்கு நிதி போயிருக்கிறது. நிரூபிக்க முடியுமா?

அவர் உள்நோக்கத்தோடு செய்தார் என்று நிரூபிக்கத் தேவையில்லை. பாரபட்சம் வரக்கூடிய நியாயமான வாய்ப்பு இருந்தது என்று காட்டினால் போதும். 1969-ன் கிரைபக் வழக்கில், இந்திய வனப் பணிக்கான தேர்வுக் குழுவில் இருந்த ஜம்மு காஷ்மீர் வனத்துறை அதிகாரியே அந்தப் பணிக்கு ஒரு வேட்பாளராகவும் இருந்தார். தன் பெயர் வரும்போது மட்டும் அவர் ஒதுங்கிக்கொண்டார். அது போதாது என்று தேர்வையே ரத்து செய்தது உச்ச நீதிமன்றம்.

என்னைப் போலவே தகுதியில்லாத பக்கத்து ஊர்க்காரருக்குக் கொடுத்திருக்கிறார்களே?

இந்த வாதத்தை விட்டுவிடுங்கள். ஒருவருக்குத் தவறாகக் கொடுத்ததைக் காட்டி அதே தவறைத் தனக்கும் செய்யச் சொல்ல 14-வது பிரிவு இடம் தராது. 1995-ல் சண்டிகர் நிர்வாகம் தொடர்பான வழக்கில் உச்ச நீதிமன்றம் இதை விரிவாகவே சொல்லியிருக்கிறது. 'அவரும் தகுதியானவர், நானும் தகுதியானவன், எனக்கு மட்டும் இல்லை' என்றால் கதை வேறு. அது நல்ல வாதம்.

விண்ணப்பித்த பிறகு நெறிமுறையை மாற்றிவிட்டார்கள். பழையதைக் கேட்க முடியுமா?

நீங்கள் அதை நம்பி என்ன செய்தீர்கள் என்பதைப் பொறுத்தது. விண்ணப்பம் மட்டும் போட்டிருந்தால் வழக்கு பலவீனம். அறிவிப்பை நம்பிக் கடன் வாங்கி, கட்டடம் கட்டி, இயந்திரம் வாங்கியிருந்தால் வலு கூடும்.

உத்தரப் பிரதேசத்தில் மோதிலால் பதம்பத் சர்க்கரை ஆலை நிறுவனம், மூன்று ஆண்டுக்கு விற்பனை வரி கிடையாது என்ற அரசின் உறுதிமொழியை நம்பி வனஸ்பதி ஆலை அமைத்தது. உற்பத்தி தொடங்கிய 1970-லேயே அரசு பின்வாங்கியது. கொடுத்த வாக்கை நம்பி ஒருவர் தன் நிலையை மாற்றிக்கொண்ட பிறகு அரசு அதிலிருந்து நழுவ முடியாது என்று 1979-ல் வெளியான அந்தத் தீர்ப்பு சொல்கிறது. மேலே சொன்ன ஜார்க்கண்ட் வழக்கும் இதே ரகம். 2012-ன் தொழில் கொள்கையில் மின்சார வரியில் 50 சதவீதச் சலுகை தருவதாகச் சொன்னார்கள். ஒரு மாதத்துக்குள் வெளியிட வேண்டிய அறிவிக்கையை 2015 ஜனவரியில்தான் வெளியிட்டார்கள், அதுவும் அன்றிலிருந்துதான் செல்லும் என்று. அரசின் தாமதத்துக்கு நிறுவனம் பலியாக முடியாது என்பதே முடிவு.

ஆனால் பொதுநலனுக்காகக் கொள்கையை மாற்ற அரசுக்கு அதிகாரம் உண்டு. அந்தப் பொதுநலன் என்ன என்று அரசு கோப்பிலிருந்து காட்ட வேண்டும், அவ்வளவுதான். டெல்லியில் வீட்டுவசதிச் சங்கங்களுக்கு நிலம் ஒதுக்கும் வரிசை முறையைத் திடீரென்று மாற்றியபோது, நவஜோதி வழக்கில் 1992-ல் உச்ச நீதிமன்றம் 'நியாயமான எதிர்பார்ப்பு' என்ற கருத்தைக் கொண்டு அந்த மாற்றத்தைச் செல்லாததாக்கியது.

நிதி தீர்ந்துவிட்டது என்கிறார்கள்.

உண்மை என்றால் நீதிமன்றம் பணத்தை உருவாக்கித் தராது. உண்மையா என்று சோதிக்கலாம். உங்களுக்குப் பிறகு விண்ணப்பித்தவர்களுக்கு அதே நிதியாண்டில் கொடுத்திருக்கிறார்களா என்று பாருங்கள்.

அதை எப்படித் தெரிந்துகொள்வது?

தகவல் அறியும் உரிமைச் சட்டம்தான் வழி. கட்டணம் 10 ரூபாய், பதில் தர 30 நாள் கெடு. மானியத் திட்டங்களை நிறைவேற்றும் முறை, ஒதுக்கிய தொகை, பயனாளிகளின் விவரம் ஆகியவற்றைக் கேட்காமலே வெளியிட வேண்டும் என்று 4(1)(ஆ) பிரிவு கட்டளையிடுகிறது. அதனால் இதைக் கேட்பதில் கூச்சம் வேண்டாம்.

'ஏன் எனக்குத் தரவில்லை?' என்று கேட்காதீர்கள். கருத்துக் கேள்வி என்று தள்ளிவிடுவார்கள். ஆவணங்களைக் கேளுங்கள்: நீங்கள் விண்ணப்பித்த தேதியில் அமலில் இருந்த நெறிமுறையும் திருத்தங்களும், உங்கள் விண்ணப்பம் தொடர்பான கோப்புக் குறிப்புகள், தேர்வுக் குழுக் கூட்டத்தின் நடவடிக்கைக் குறிப்பு, முன்னுரிமைப் பட்டியல். அந்தக் கோப்புக் குறிப்புகளில்தான் பெரும்பாலும் வழக்கின் உயிர் இருக்கும். கீழ்நிலை அலுவலர் 'தகுதி உண்டு' என்று எழுதியிருக்க, மேலே வந்ததும் காரணமில்லாமல் மாறியிருந்தால் அதுவே பேசும்.

எத்தனை நாளுக்குள் வழக்குப் போட வேண்டும்?

இங்கிலாந்தில் அதிகபட்சம் மூன்று மாதம், ஜெர்மனியில் பொதுவாக ஒரு மாதம். இந்தியாவில் ரிட் மனுவுக்கு இப்படிக் கறாரான கெடு இல்லை. இதுவே பலரைக் கெடுக்கிறது. கெடு இல்லை என்பதற்குத் தாமதிக்கலாம் என்று பொருள் இல்லை. ரமணா ஷெட்டி வழக்கைப் பற்றி மேலே படித்தீர்களே, கோட்பாட்டில் அத்தனை பெரிய வெற்றி, ஆனால் மனுதாரருக்கு எதுவும் கிடைக்கவில்லை. தாமதமாக வந்தார், அதற்குள் ஒப்பந்தம் பெற்றவர் பணத்தைப் போட்டுவிட்டார் என்பதும் அதற்கு ஒரு காரணம். நிதி ஒருவரிடம் போய்ச் சேர்ந்துவிட்டால் அதைப் பிடுங்க எந்த நீதிபதிக்கும் மனம் வராது.

கோரிக்கை மனுவை ஆண்டுக்கு ஒருமுறை புதுப்பித்துக்கொண்டே இருந்தால் உரிமை உயிரோடு இருக்கும் என்று நினைக்கிறார்கள். இருக்காது. பழைய விஷயத்துக்கு இப்போது ஒரு பதில் வாங்கிவிட்டதால் மட்டும் புதிய வழக்குக் காரணம் பிறந்துவிடாது என்று, தமிழ்நாட்டிலிருந்து போன ஒரு வழக்கிலேயே 2008-ல் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. நிராகரிப்பு வந்த ஓரிரு மாதத்துக்குள் நகருங்கள். அந்த நிதியாண்டின் மார்ச் 31-ஐ மனதில் வையுங்கள்.

எங்கே தாக்கல் செய்வது? யார் மீது செய்யலாம்?

அரசியலமைப்பின் 226-வது பிரிவின்கீழ் உயர் நீதிமன்றத்தில். திருச்சி, தஞ்சாவூர், கரூர், புதுக்கோட்டை தொடங்கிக் கன்னியாகுமரி வரையுள்ள மாவட்டங்களுக்கு மதுரைக் கிளை, மற்றவற்றுக்குச் சென்னை. அரசுத் துறைகள், வாரியங்கள், அரசு நிதியில் இயங்கும் தன்னாட்சி அமைப்புகள் எல்லாம் இதற்குள் வரும். தனியார் அறக்கட்டளை தன் சொந்தப் பணத்தைக் கொடுக்க மறுத்தால் ரிட் கிடையாது. நெறிமுறையிலேயே மேல்முறையீட்டுக்கு வழி இருந்தால் முதலில் அங்கே போங்கள். இல்லாவிட்டால் 'மாற்று வழி இருக்கிறதே' என்று திருப்பி அனுப்புவார்கள்.

வங்கிக் கடனோடு கோர்த்த மானியங்களில் மறுத்தது வங்கியா, துறையா என்பதை முதலில் பிரித்துப் பாருங்கள். கடன் கொடுக்கச் சொல்லி வங்கியை நீதிமன்றம் கட்டாயப்படுத்துவது அரிது.

கொடுத்த மானியத்தைத் திரும்பக் கேட்கிறார்கள். என்ன செய்வது?

இந்த வகையில் வெல்லும் வாய்ப்பு ஒப்பீட்டளவில் அதிகம். கையில் இருப்பதைப் பறிக்கும் முன் அறிவிப்பு கொடுத்து, விளக்கம் கேட்டு, அதைப் பரிசீலித்து உத்தரவிட வேண்டும். ஒரு படி விடுபட்டாலும் உத்தரவு நிற்பது கடினம். ஆனால் நிபந்தனையை நீங்கள் உண்மையிலேயே மீறியிருந்தால், நடைமுறைக் குறையைச் சொல்லிக் காலம் தள்ள முடியுமே தவிரத் தப்ப முடியாது. பிரதமரின் வேலைவாய்ப்பு உருவாக்கத் திட்டத்தில் மானியத் தொகை 3 ஆண்டு வங்கியில் வைப்பாக இருந்து, தொழில் நடக்கிறதா என்று நேரில் பார்த்த பிறகுதான் கடனில் கழிக்கப்படும். அந்த ஆய்வு நடந்த நாளின் படங்களும் ரசீதுகளும் உங்களிடம் இருக்கட்டும்.

'பரிசீலித்து உத்தரவிடுக' என்று தீர்ப்பு வந்திருக்கிறது. ஜெயித்தேனா, தோற்றேனா?

பாதி ஜெயித்திருக்கிறீர்கள். இத்தகைய மனுக்களில் அதிகம் வரும் உத்தரவு இதுதான்: இத்தனை வாரத்துக்குள் மனுதாரரின் கோரிக்கையைத் தகுதியின் அடிப்படையில் பரிசீலிக்க வேண்டும். பழைய நிராகரிப்பை ரத்து செய்திருக்கிறார்களா என்று பாருங்கள். ரத்து செய்து, அதற்கான காரணத்தையும் சொல்லி, 'இதன்படி மறுபரிசீலனை செய்' என்றிருந்தால் அதிகாரியின் கை கட்டப்பட்டிருக்கிறது. வெறுமனே 'பரிசீலி' என்று மட்டும் இருந்தால், அதே நிராகரிப்பு நல்ல தமிழில் திரும்பி வரக்கூடும்.

எனக்கு இந்த வெறும் உத்தரவுகள் மேல் வருத்தம் உண்டு. ஏழை மனுதாரர் ஒருவர் வழக்கறிஞருக்குச் செலவழித்து, மாதக்கணக்கில் காத்திருந்து, கடைசியில் அதே மேசைக்கே திரும்புகிறார். இதைத் தவிர்க்க மனுவின் வேண்டுகோள் பகுதியில் வெறுமனே பரிசீலனை கேட்காதீர்கள். நிராகரிப்பை ரத்து செய்யவும், நெறிமுறையின் இன்ன பத்தியின்படி, இன்ன ஆவணத்தைக் கணக்கில் கொண்டு முடிவெடுக்கவும் கேளுங்கள். கெடு முடிந்தும் அசையவில்லை என்றால் நீதிமன்ற அவமதிப்பு மனு. அதற்கு ஓராண்டுதான் காலம்.

திட்டமே தவறு, பணத்தை இப்படிச் செலவழிக்கக் கூடாது என்று வழக்குப் போடலாமா?

போட்டுப் பார்த்திருக்கிறார்கள். தமிழ்நாட்டின் இலவச வண்ணத் தொலைக்காட்சித் திட்டத்தை எதிர்த்த வழக்கில், பொது நோக்கம் எது என்று முடிவு செய்வது அரசின் வேலை, அதன் சரி தவறுக்குள் நீதிமன்றம் போகாது என்று 2013-ல் உச்ச நீதிமன்றம் ஒதுங்கிக்கொண்டது. சட்டமே நிதியின் நோக்கத்தைச் சொல்லியிருந்தால் நிலைமை மாறும். மலேசியாவின் பெர்காவ் அணைக்கு பிரிட்டன் 23.4 கோடி பவுண்டு உதவி கொடுக்க முன்வந்தபோது, அதிகாரிகளே அது பொருளாதார ரீதியில் மோசமான திட்டம் என்று குறிப்பு எழுதியிருந்தார்கள். வெளிநாட்டு உதவிச் சட்டம் வளர்ச்சிக்காக மட்டுமே பணம் தர அனுமதித்தது. ஒரு தொண்டு அமைப்பு தொடுத்த வழக்கில் 1994-ல் லண்டன் நீதிமன்றம் அந்த உதவியைச் சட்டவிரோதம் என்றது.

வேறு நாடுகளில் நெறிமுறையை எப்படிப் பார்க்கிறார்கள்?

ஜெர்மனியின் அணுகுமுறை நம்மிடமிருந்து வித்தியாசமானது. கொரோனா காலத்தில் நிறுவனங்களுக்குக் கொடுத்த உதவித்தொகை தொடர்பாக அங்கே ஏராளமான வழக்குகள். அந்த நீதிமன்றங்கள், மானிய நெறிமுறை சட்டம் இல்லை, எனவே அதன் வாசகத்துக்கு நாங்கள் பொருள் சொல்ல மாட்டோம் என்கின்றன. அந்த அலுவலகம் நடைமுறையில் எல்லோரிடமும் எப்படி நடந்துகொண்டது, இவரிடம் மட்டும் மாற்றி நடந்ததா என்பதுதான் அங்கே கேள்வி. அடிப்படை, அவர்கள் அரசியலமைப்பின் 3-வது பிரிவு சொல்லும் சமத்துவம். இங்கே வாசகத்துக்கும் எடை உண்டு. சாமானியருக்கு நம் முறையே நல்லது என்று நினைக்கிறேன். அலுவலகத்துக்குள் இருக்கும் வழக்கம் வெளியிலிருப்பவருக்குத் தெரியாது, அச்சில் உள்ள வாசகத்தை யாரும் படிக்கலாம்.

தனி நீதிபதி மனுவைத் தள்ளுபடி செய்துவிட்டால்?

அதே உயர் நீதிமன்றத்தில் இரு நீதிபதிகள் அமர்வுக்கு 30 நாளுக்குள் ரிட் மேல்முறையீடு செய்யலாம். அங்கே புதிய ஆவணங்களை நுழைப்பது எளிதல்ல. அதனால் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் வாங்க வேண்டியவற்றை முதல் மனுவுக்கு முன்பே கேட்டுவிடுங்கள். 30 நாளில் பதில் வராவிட்டால் முதல் மேல்முறையீட்டை அனுப்பிவிட்டு, அந்த ஒப்புகையையும் மனுவோடு இணையுங்கள். தரவில்லை என்பதும் நீதிபதிக்குத் தெரியட்டும்.